வெயில் சமையல் – 11: பழுப்பு நிறம் குறையல்ல

புதுச்சேரியின் சேதராப்பட்டிலிருந்து வானூர், ஆரோவில் பக்கம் போனால் செம்மண்ணும் முந்திரித் தோப்பும் தொடங்கிவிடும். பங்குனி, சித்திரையில் அந்தத் தோப்புகளுக்குள் நடக்கும்போது ஒரு புளித்த இனிப்பு வாடை கூடவே வரும். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே போட்டுவிடுகிறார்கள். எடைக்கு எடை பார்த்தால் ஆரஞ்சைப் போல நான்கைந்து மடங்கு வைட்டமின் சி உள்ள பழம் அது. கோவாவில் அதே பழத்தைப் பிழிந்து ஃபெனி காய்ச்சுகிறார்கள். 2009-இல் அதற்குப் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். நம் பக்கம் ஆடு தின்றது போக மிச்சம் மண்ணுக்குத்தான். அந்தத் தோப்புகளைத் தாண்டி வந்தால் இருக்கிற பெட்டிக்கடையில், சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக ‘டிரை ஃப்ரூட்’ பாக்கெட் தொங்குகிறது. வேலைக்குப் போகிற அம்மாக்கள் பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் போட அதை வாங்குகிறார்கள், சத்தானது என்று நம்பி.

போன வாரம் சுண்டை, மணத்தக்காளி வற்றல் பற்றிப் பார்த்தோம். அவையும் செடியில் காய்த்தவைதான். மோரில் ஊறவைத்து வெயிலில் காய வைக்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மாவடு, நெல்லி, நார்த்தங்காய் எதையும் நாம் வீணாக்குவதில்லை. ஆனால் இனிப்பான பழம் என்று வந்ததும் கை நின்றுவிடுகிறது. பழுத்தால் தின்ன வேண்டும், மிஞ்சினால் மாட்டுக்குப் போட வேண்டும், உலர்ந்த பழம் வேண்டுமென்றால் கடைக்குப் போக வேண்டும் என்று எப்படியோ மனதில் பதிந்துவிட்டது. இந்த வாரம் அதைப் பற்றித்தான்.

முதலில் அந்த பாக்கெட்டுக்குள் இருப்பதைப் பார்த்துவிடுவோம். டூட்டி ஃப்ரூட்டி என்று கேக்கிலும் பன்னிலும் வருகிற வண்ணத் துண்டுகள் பப்பாளிக்காய். காயை நறுக்கி, வேகவைத்து, சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் சாயம் ஏற்றியவை. ‘செர்ரி’ என்று ஐஸ்கிரீம் மேல் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் நம் களாக்காய். விதை நீக்கி, பாகில் போட்டு, சிவப்பு ஏற்றுகிறார்கள். பளபளவென்று மெத்தென்று இருக்கிற அன்னாசி வளையமும் கிவித் துண்டும் பெரும்பாலும் இதே வழியில் வந்தவைதான். பழத்திலிருந்த தண்ணீர் வெளியே போய் அந்த இடத்தில் சர்க்கரை வந்து உட்கார்ந்துவிட்டது. இவை மிட்டாய் வகை. தின்னலாம், தப்பில்லை. பழம் என்று கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது.

திராட்சையின் கதை வேறு. மகாராஷ்டிரத்தின் சாங்லி, தாஸ்கான் பக்கம் விதையில்லாத் திராட்சையைப் பொட்டாசியம் கார்பனேட்டும் ஒருவகை எண்ணெயும் கலந்த நீரில் முக்கி எடுத்து, கூரை போட்ட கொட்டகையில் வலை மேல் பரப்பி, நிழலிலேயே இரண்டு வாரம்போலக் காய வைக்கிறார்கள். தோலின் மேலுள்ள மெழுகு விலகினால் தண்ணீர் சீக்கிரம் வெளியேறும், அதற்குத்தான் அந்த முக்கல். அது நல்ல தொழில்நுட்பம். ஆனால் தங்க நிறத்தில் மின்னும் திராட்சைக்குக் கந்தகப் புகை காட்டுவதும் உண்டு. பெரும்பாலோருக்கு அந்தக் கந்தகம் ஒன்றும் செய்யாது, ஆஸ்துமா உள்ள சிலருக்கு மட்டும் மூச்சு இழுக்கும். வீட்டில் இழுப்பு உள்ள பிள்ளை இருந்தால் கறுப்புத் திராட்சையாக வாங்குவது மேல்.

சர்க்கரையும் கந்தகமும் அங்கே என்ன வேலை செய்கின்றன என்று யோசித்தால், பாதிக்கு மேல் கண்ணுக்காகச் செய்கிற வேலை. நிறம் மாறக் கூடாது, சுருங்கக் கூடாது, மெத்தென்று இருக்க வேண்டும். இந்த மூன்றையும் வீட்டில் விட்டுவிட்டால் உலர்பழம் செய்வது வடாம் போடுவதைவிடச் சுலபம். வீட்டில் காய்ந்த வாழைப்பழம் பழுப்பாகத்தான் இருக்கும். சப்போட்டா இன்னும் கறுக்கும். கொய்யா சுருங்கிக் காது மடல் போல ஆகும். முதல் தடவை செய்கிற பலர் இந்த நிறத்தைப் பார்த்துக் கெட்டுப்போய்விட்டது என்று குப்பையில் கொட்டிவிடுகிறார்கள் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பழத்தை வெயிலில் வைப்பது நமக்குப் புதிதும் அல்ல. யாழ்ப்பாணத்தில் பனாட்டு என்று ஒன்று உண்டு. ஆடி, ஆவணியில் பனம்பழம் விழத் தொடங்கியதும் தோலை உரித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, நாரிலிருந்து களியைப் பிழிந்து எடுப்பார்கள். வடிகட்டிய களியை, பந்தல் போலக் கால் நட்டு உயர்த்திய பரண் மேல் விரித்த ஓலைப்பாயில் மெல்லிசாக ஊற்றுவார்கள். அது காய்ந்ததும் மறுநாள் அதன் மேல் இன்னொரு பூச்சு. இப்படி அடுக்கடுக்காக ஏறி, தோல் போலக் கனத்ததும் உரித்து, வெட்டி, ஓலைப் பெட்டியில் அடுக்கி வைப்பார்கள். அதையே பனம்பாணியில் ஊறவைத்தால் பாணிப் பனாட்டு. சர்க்கரை சேர்க்காத, சாயம் இல்லாத, மாதக்கணக்கில் இருக்கிற பழத் தின்பண்டம் ஒன்றை வெறும் வெயிலையும் பாயையும் வைத்து ஒரு சமூகமே செய்து சாப்பிட்டிருக்கிறது. நம் ஊசுடு ஏரிக்கரையிலும் வானூர் வரப்புகளிலும் பனை இருக்கிறது. பழம் விழுகிறது. பிள்ளைகள் ஒன்றிரண்டைச் சுட்டுத் தின்பதோடு சரி.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான இரண்டு உதாரணங்கள் உண்டு. நம் ஆட்சிப் பகுதியின் ஒரு துண்டான ஏனாம் கோதாவரிக் கழிமுகத்தில் இருக்கிறது. அந்த கோதாவரிக் கரை முழுக்க மாமிடி தாண்ட்ர பெயர் பெற்றது. மாம்பழச் சாற்றில் சர்க்கரையோ வெல்லமோ கலந்து பாயில் பூச்சு மேல் பூச்சாக ஏற்றி, கோடை வெயிலில் நாள்கணக்காகக் காய வைத்துப் பாளமாக வெட்டுகிறார்கள். இன்னொரு துண்டான மாஹே இருக்கும் வடமலபாரிலும் நாட்டு மாம்பழத்தைப் பிழிந்து பாயில் பூசிக் காய வைக்கிற வழக்கம் உண்டு, மாங்காத் தெர என்பார்கள். யாழ்ப்பாணம், கோதாவரி, மலபார் என்று மூன்று இடத்திலும் வேலை ஒன்றுதான்: கூழ், பாய், பூச்சு. நம் மாம்பழமும் அதற்கு ஏற்றதே. பங்கனப்பள்ளியிலும் செய்யலாம், நாரும் புளிப்புமாக விலை குறைந்து வரும் நாட்டு மாம்பழத்தில் செய்தால் ருசி கூடுதல்.

செய்முறைக்கு முன்னால், காய்ந்த பழம் ஏன் கெடுவதில்லை என்பதைப் புரிந்துகொண்டால் பாதித் தவறுகள் தானாகவே நின்றுவிடும். மாம்பழத்திலும் கொய்யாவிலும் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் தண்ணீர். வாழைப்பழத்தில் ஏறக்குறைய 75. பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் வாழ அந்தத் தண்ணீர் வேண்டும். அதை 15 முதல் 20 சதவீதத்துக்குள் இறக்கிவிட்டால், மிச்சமிருக்கும் கொஞ்ச நீரையும் பழத்தின் சர்க்கரையே பிடித்து வைத்துக்கொள்கிறது. பூஞ்சைக்கு எதுவும் கிடைக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: தோல் நீக்கிய வாழைப்பழம் 1 கிலோவில் சத்துப்பொருள் 250 கிராம்தான். காய்ந்து வரும்போது 300 கிராம் கிடைக்கும். மாம்பழக் கூழ் 1 கிலோ என்றால் 200 கிராமுக்குச் சற்று மேல். அதனால் எடை பார்த்து நிறுத்துவது நல்ல பழக்கம். தட்டில் பரப்பும்போது ஒரு எடை, காய்ந்தபின் ஒரு எடை. வாழை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கவில்லை என்றால் இன்னும் வெயில் தேவை.

பழம் தேர்வில் கஞ்சத்தனம் வேண்டாம். ‘அழுகுகிற பழத்தைக் காய வைத்துவிடலாம்’ என்பது தப்பு. நன்றாகப் பழுத்த, ஆனால் கசங்காத பழம்தான் வேண்டும். கழுவி, துடைத்து, எவர்சில்வர் கத்தியால் அரை சென்டிமீட்டர் கனத்துக்கு நறுக்குங்கள். எல்லாத் துண்டும் ஒரே கனமாக இருப்பது முக்கியம், இல்லாவிட்டால் ஒன்று கருகும், பக்கத்துத் துண்டு பூசணம் பூக்கும். வெட்டிய இடம் கறுப்பதை முழுக்கத் தடுக்க முடியாது, ஆனால் எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் சம அளவு கலந்து பத்து நிமிடம் போட்டு எடுத்தால் குறையும். பழத்தில் இருக்கிற நொதி காற்றோடு சேர்ந்து செய்கிற வேலை அது, எலுமிச்சையின் புளிப்பு அந்த வேகத்தை அடக்குகிறது.

பரப்புவதற்கு மூங்கில் தட்டு, ஓலைப்பாய், எவர்சில்வர் வலை எதுவும் சரி. துத்தநாகம் பூசிய கம்பிவலை மட்டும் கூடாது, பழத்தின் புளிப்பு அந்தப் பூச்சை அரித்துவிடும். செய்தித்தாள் மேல் பரப்புவதையும் விட்டுவிடுங்கள், அச்சு மை பழத்தில் ஏறும்.

சேதராப்பட்டில் இதைச் செய்கிறவர்களுக்கு இரண்டு தொந்தரவுகள் உண்டு, அதைச் சொல்லாமல் வெறும் செய்முறை சொல்வது நேர்மையாகாது. ஒன்று தூசி. தொழிற்பேட்டைக்கு வந்துபோகிற லாரிகள் நாள் முழுக்க மயிலம் ரோட்டைக் கலக்கிக்கொண்டே இருக்கின்றன. மொட்டை மாடியில் காலையில் கூட்டினால் மாலையில் கால் தடம் விழும். திறந்த தட்டில் பழம் வைத்தால் இனிப்பில் அந்தத் தூசி ஒட்டிக்கொள்ளும், அதைத் தட்டி எடுக்க முடியாது. இன்னொன்று காற்றின் ஈரம். கடல் அத்தனை தூரமில்லை, ஊசுடு ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் உச்சி வெயில் தலையைப் பிளந்தாலும் பிற்பகலில் கடல்காற்று ஏறியதும் காற்று பிசுபிசுக்கத் தொடங்கிவிடும், காய்ந்த பழம் அந்த ஈரத்தை மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். காலை ஒன்பது, பத்துக்கு வைத்து மூன்று, மூன்றரைக்கெல்லாம் எடுத்து உள்ளே கொண்டுபோய் மூடி வைப்பவர்களுக்குத்தான் பழம் நன்றாக வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். தை பிறந்து வைகாசி முடியும் வரை நமக்குக் காலம்.

இரண்டு தொந்தரவுக்கும் ஒரே மருந்து மூடிய பெட்டி. பழைய மரப்பெட்டி ஒன்றை எடுத்து, உள்ளே கறுப்புப் பெயின்ட் அடித்த தகட்டைப் போட்டு, மேலே சரிவாகக் கண்ணாடி பொருத்துங்கள். முன்பக்கம் கீழே நான்கைந்து ஓட்டை, பின்பக்கம் மேலே நான்கைந்து ஓட்டை, இரண்டுக்கும் கொசுவலை. கறுப்புத் தகடு சூடானதும் உள்ளிருக்கும் காற்று சூடாகி மேல் ஓட்டை வழியே ஈரத்தை அள்ளிக்கொண்டு போகும், கீழ் ஓட்டை வழியே புதுக் காற்று வரும். பழத்தட்டைத் தகட்டின் மேல் நேராக வைக்காமல், கட்டை கொடுத்து உயர்த்தி வையுங்கள். இந்த ஓட்டைகளை அடைத்துவிட்டால் உள்ளே பழம் வேகும், காயாது. பெரிய அளவில் கொப்பரையும் மிளகாயும் காய வைக்கிற பாலிகார்பனேட் கூடாரங்களும் இதே தத்துவம்தான். தமிழ்நாட்டில் வேளாண் பொறியியல் துறை அவற்றுக்கு மானியம் தருகிறது. வானூர்ப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து கேட்டால் முந்திரிப் பழத்துக்கே ஒரு வழி பிறக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெட்டிக்குள் வெப்பம் 55, 60 டிகிரியில் நின்றால் போதும். ஓ.டி.ஜி. மின் அடுப்பில் காய வைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அவசரப்பட்டு 80, 90 என்று ஏற்றினால் துண்டின் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், பத்தாம் நாள் நடுவில் பூசணம் பிடித்திருக்கும்.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு துண்டை ஆறவிட்டு இரண்டாகக் கிழியுங்கள். கிழிந்த இடத்தை அழுத்தினால் ஈரம் கசியக் கூடாது, இரு பாதியும் ஒட்டிக்கொள்ளவும் கூடாது. அப்புறம் நேராக டப்பாவில் அடைத்து மறந்துவிடாதீர்கள். கண்ணாடி பாட்டிலில் முக்கால் அளவுக்குப் போட்டு மூடி, ஒரு வாரம் தினமும் குலுக்குங்கள். ஈரம் கூடுதலான துண்டிலிருந்து காய்ந்த துண்டுக்கு ஈரம் பரவிச் சமமாகும். பாட்டிலின் உட்புறம் வியர்த்திருந்தால் திரும்பவும் வெயில். திறந்த வெயிலில் காய்ந்த பழத்தில் பூச்சி முட்டை வைத்திருக்கலாம் என்பதால், பையில் கட்டி ஃப்ரீசரில் இரண்டு நாள் வைத்து எடுத்தபின் பாட்டிலுக்கு மாற்றுவது பாதுகாப்பு.

மாம்பழப் பாளத்துக்கு: கூழை வடிகட்டி, அடிகனமான பாத்திரத்தில் ஒரு கொதி வரும் வரை கிளறி இறக்குங்கள். கிலோவுக்கு ஒரு எலுமிச்சம்பழத்தின் சாறு. நெய் தடவிய தாம்பாளத்தில் மெல்லிசாக ஊற்றி, கொசுவலை கட்டி வெயிலில் வைத்து, மேற்புறம் விரலில் ஒட்டாமல் வந்ததும் அடுத்த பூச்சு. மூன்று பூச்சு போதும். பழம் நன்றாகப் பழுத்திருந்தால் சர்க்கரை ஒரு சிட்டிகைகூட வேண்டாம். வாழையில் கற்பூரவல்லிக்கு இணை இல்லை. முழுப் பழத்தையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து நான்கைந்து நாள் காய வைத்தால் அத்திப்பழம் போல மெல்லுகிற பதம் வரும். சப்போட்டாவை மகாராஷ்டிரத்தின் டஹாணு, கோல்வட் பகுதியில் சில்லு சில்லாகக் காய வைத்துப் பொடியாகவும் அரைத்து விற்கிறார்கள், அந்தச் சப்போட்டாவுக்கு 2016-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் வீட்டுக் கொல்லைச் சப்போட்டாவிலும் அது வரும். பண்ருட்டிப் பலாச்சுளையைக் கொட்டை நீக்கி நாலாகக் கீறிக் காய வைக்கலாம். தர்பூசணி, சாத்துக்குடியில் முயலாதீர்கள், எல்லாம் தண்ணீர்.

சத்துக் கணக்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெயிலிலும் சூட்டிலும் வைட்டமின் சி-யில் பெரும்பகுதி போய்விடும். நார்ச்சத்தும் பொட்டாசியம், இரும்பு போன்ற தாதுக்களும் தங்கும். சர்க்கரையும் அப்படியே தங்கும், குறைந்த எடைக்குள் செறிந்து. 100 கிராம் உலர்திராட்சையில் 60 கிராமுக்கு மேல் சர்க்கரைதான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைக்கு 100 கிராம் பழம் சாப்பிடச் சொல்கிறது. அந்த அளவு வாழைப்பழம் காய்ந்தால் 30 கிராம், ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் அடங்கும். அந்தக் கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூடக் கொஞ்சம் வேர்க்கடலை சேர்த்தால் பசி தாங்கும். தின்றதும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள், காய்ந்த பழம் பல்லிடுக்கில் ஒட்டும். நீரிழிவு உள்ள பெரியவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தினத் தின்பண்டமாக்கிக்கொள்ளக் கூடாது.

கடைசியாக இலந்தை வடை. இதை முதலிலேயே எழுதியிருக்கலாம், ஏனென்றால் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு உலர்பழத் தின்பண்டம் என்றால் இதுதான். சேதராப்பட்டு–கரசூர் பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்காக 2000-களில் 700 ஏக்கருக்கு மேல் எடுத்து, பல ஆண்டு சும்மா கிடந்த நிலத்தைப் போன்ற இடங்களில்தான் இலந்தை முள் நிம்மதியாக வளரும். தை, மாசியில் பழம். பொறுக்கிய பழத்தை ஒவ்வொன்றாகப் பிளந்து பாருங்கள், புழு இல்லாதது அபூர்வம். நல்லதை மட்டும் எடுத்து இரண்டு நாள் வாட விடுங்கள். பிறகு கால் கிலோ பழத்துக்குக் காய்ந்த மிளகாய் மூன்று, ஒரு கோலியளவு புளி, ஒரு துண்டு வெல்லம், உப்பு, பெருங்காயம் சேர்த்து உரலில் இடிக்க வேண்டும். கொட்டையோடு இடிப்பதுதான் பழைய முறை, ஆனால் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் கொட்டையை நீக்கிவிடுங்கள். மிக்ஸியில் அரைத்தால் கூழாகிவிடும், இடித்தால்தான் சதை திரண்டு நிற்கும். கையில் நல்லெண்ணெய் தொட்டுச் சின்னச் சின்ன வடையாகத் தட்டி, ஓலைப்பாயில் வைத்து, ஒரு நாள் விட்டுத் திருப்பிப் போட்டு, மூன்று நான்கு நாள் காய விடுங்கள். மாசி வெயிலில் வெளிப்புறம் கறுத்து இறுகும், கடித்தால் உள்ளே மெல்லுகிற பதம் இருக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சித்திரை வரை வரும். பிள்ளைகள் கண்டுபிடிக்காத இடத்தில் வைத்தால் வைகாசி வரையிலும் வரும்.